பிடுங்கி எறிய வேண்டியதில்லை: சமையலறை, குளியலறை அலமாரிகளின் மறுபூச்சு

தமிழக நகரங்களில் பதினைந்து, இருபது ஆண்டுகள் புழங்கிய ஒரு சமையலறையின் அலமாரிக் கதவுகள் மங்கி, விளிம்புகளில் பூச்சு உரிந்து, கைப்பிடியைச் சுற்றிக் கறுத்துப்போகும்போது, எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக ‘மாடுலர் கிச்சன்’ போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனையே வீட்டாருக்கு முதலில் வந்து சேர்கிறது. அத்தகைய அலமாரிகளில் பலவற்றில் உண்மையில் மூப்படைந்திருப்பது மரம் அன்று. மரத்தின் மேல் ஒட்டியிருக்கும், ஒரு மில்லிமீட்டரைவிடப் பன்மடங்கு மெல்லிய ஒரு படலம் மட்டுமே. அந்தப் படலத்தை முறையாக நீக்கி, அதனினும் உறுதியான மற்றொன்றை ஏற்றும் வேலை தேர்ந்த கைகளில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. சுவருக்கு அடிக்கும் பெயிண்டை அலமாரிக்கும் அடித்துவிட்டுப் போவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்த வேறுபாடு தெரியாமல்தான் நல்ல தேக்குக் கதவுகள் பழைய மரக்கடைக்கு அடிமாட்டு விலைக்குப் போகின்றன. தெரியாமல்தான் அவசரமாக அடிக்கப்பட்ட பூச்சு ஆறே மாதத்தில் உரிந்து, மறுபூச்சு என்ற முறையே பயனற்றது என்ற கெட்ட பெயரும் வந்து சேர்கிறது.

முதலில் எது மறுபூச்சுக்குத் தகும், எது தகாது என்பதைப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் சமையலறைத் தட்டுகள் பெரும்பாலும் கடப்பாக் கல்லால் ஆனவை. சுவரோடு பதிக்கப்பட்ட அந்தக் கற்பலகைகளுக்கு முன்னால் ஒரு மரச் சட்டமும், அதில் கீல்களால் பொருத்திய கதவுகளும் (தச்சர்கள் ‘ஷட்டர்’ என்பார்கள்) மட்டுமே மாற்றத்துக்கு உரியவை. இந்த அமைப்பில் ‘அலமாரியை மாற்றுவது’ என்பதே பெரிய இடிபாட்டு வேலை; கல்லை அசைத்தால் சுவரோடு ஒட்டியுள்ள டைலும் பூச்சும் சேர்ந்து வரும். அதனால் இவ்வகை வீடுகளுக்கு மறுபூச்சைவிடப் பொருத்தமான வழி அநேகமாக இல்லை. அடுத்த தலைமுறை வீடுகளில் பெட்டி முழுவதும் பிளைவுட்டால் ஆனது. அதாவது மெல்லிய மரத் தகடுகளை, ஒன்றின் இழை மற்றொன்றுக்குக் குறுக்கே வருமாறு அடுக்கிப் பசையால் அழுத்தி ஒட்டிய பலகை. இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டையும், ஐ.எஸ். 710 என்பது கடல்சார் பிளைவுட்டையும் குறிக்கும். பீனால் பிசினால் ஒட்டப்பட்ட பலகை கொதிநீரையும் தாங்கும். யூரியா பிசினால் ஒட்டியது ஈரக்கசிவை ஓரளவு தாங்குமே தவிர, தொடர்ந்த நனைப்பில் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மூன்றாவது வகை, மரநாரையும் மரச்சீவலையும் பிசினோடு சேர்த்து அழுத்திய எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு ஆகியவை. இவை உலர்ந்திருக்கும் வரை மழமழப்பானவை, பூச்சை நன்றாக ஏற்பவை. ஒருமுறை விளிம்பு வழியாகத் தண்ணீர் குடித்து உப்பிவிட்டால் மட்டும், எத்தனை நாள் காயவைத்தாலும் பழைய கனத்துக்குத் திரும்புவதில்லை. உப்பிய பலகைக்கு மேல் எந்தப் பூச்சும் நிற்காது. அங்கே பலகையை மாற்றுவதே சரி.

ஆகவே ஆய்வு தொடங்க வேண்டிய இடம், கண்ணுக்குத் தெரியும் முகப்புக் கதவு அன்று. கழுவுதொட்டிக்குக் கீழே உள்ள பெட்டியின் அடிப்பலகை. குழாய் இணைப்பிலிருந்து சொட்டும் நீர் அங்கேதான் தேங்கும். கரையான் பெரும்பாலும் அங்கிருந்தே ஏறும். ஒரு திருப்புளியின் முனையால் அந்தப் பலகையை அழுத்திப் பார்க்கும்போது அது உள்ளே இறங்காமல் நின்றால், கீல்களின் திருகாணிகள் கழற்றி மறுபடி முறுக்கும்போது இறுக்கமாகப் பிடித்தால், கதவுகள் முறுக்கிக்கொள்ளாமல் சட்டத்தோடு சமமாகப் படிந்தால், அந்த அலமாரிக்கு இன்னும் பல்லாண்டு ஆயுள் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். அடிப்பலகை மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் தச்சரைக் கொண்டு மாற்றிவிட்டு மற்றவற்றுக்குப் பூச்சு ஏற்றுவது சிக்கனமானது மட்டுமன்று, உடல்நலத்துக்கும் உகந்தது. யூரியா பிசின் கலந்த புதுப் பலகைகள் தொடக்க காலத்தில் ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவைக் கூடுதலாக வெளியிடுகின்றன. பழைய பலகைகளில் அந்த வெளியீடு காலப்போக்கில் குறைந்துவிட்டிருக்கும்.

(அலமாரிக்குப் பூச்சு என்பது நவீன சமையலறையின் பிறப்பிலேயே இருக்கிறது. கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறையே இன்றைய பொருத்துமுறைச் சமையலறைகளின் முன்னோடி. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது நிறுவப்பட்டது. அதன் மர அலமாரிகளுக்கு நீலப்பச்சை வண்ணம் தீட்டப்பட்டது. அந்த நிறத்தின் மேல் ஈக்கள் உட்காராது என்ற அக்கால நம்பிக்கையே காரணம். மேலே ஒட்டும் லேமினேட் தகடு வீட்டு அலமாரிகளை ஆக்கிரமித்தது பிற்பாடு வந்த வழக்கம்.)

மறுபூச்சில் தோல்வி எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், பெயிண்டில் அன்று, அதற்கு முன்பே, கழுவாமல் விடப்பட்ட எண்ணெயில் என்பதே விடை. அடுப்புக்கு மேலும் பக்கவாட்டிலும் உள்ள கதவுகளில் படியும் எண்ணெய்ப்பசை வெறும் அழுக்கு அன்று. வேதியியல் நோக்கில் அதுவும் ஒருவகைப் பூச்சே. செறிவுறாத கொழுப்பு அமிலங்கள் நிறைந்த எண்ணெய் மெல்லிய படலமாகக் காற்றில் கிடக்கும்போது ஆக்சிஜனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, கரையாத பிசினாக இறுகுகிறது. ஓவியர்கள் பயன்படுத்தும் ஆளிவிதை எண்ணெய் காய்வதும் இதே வினையால்தான். எந்த எண்ணெய் எவ்வளவு இறுகும் என்பதை ‘அயோடின் எண்’ என்ற அளவு காட்டுகிறது. எண்ணெயில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் மிகமிக இந்த எண்ணும் ஏறும். ஆளிவிதை எண்ணெய்க்கு இது ஏறத்தாழ 180. சூரியகாந்தி எண்ணெய்க்கு 130ஐ ஒட்டியும், நல்லெண்ணெய்க்கு 110ஐ ஒட்டியும் வரும். தேங்காய் எண்ணெய்க்கோ 10 அளவில்தான் இருக்கும். இதனால்தான் தேங்காய் எண்ணெய் புழங்கும் சமையலறையின் கதவு வழுக்குகிறது. சூரியகாந்தி எண்ணெயில் அப்பளமும் வடையும் பொரிக்கும் சமையலறையின் கதவோ பழுப்பேறிப் பிசுபிசுக்கிறது, துணியால் துடைத்தால் துணி ஒட்டிக்கொள்கிறது, பஞ்சும் தூசியும் அதில் சிக்கி ஒரு தோல்போல் ஆகிவிடுகின்றன. இந்தத் தோலின் மேல் அடிக்கும் பெயிண்ட் மரத்தை ஒருபோதும் தொடுவதில்லை.

இதை நீக்கக் காரம் வேண்டும். சலவை சோடாவை வெந்நீரில் கரைத்தோ, இதற்கென விற்கப்படும் காரத் திரவங்களைக் கொண்டோ சொரசொரப்பான நார்ப்பட்டையால் தேய்க்கும்போது, கொழுப்பின் ஒரு பகுதி சோப்பாக மாறிக் கழன்றுவருகிறது. அதன்பின் சுத்தமான நீரால் குறைந்தது இருமுறை துடைத்தெடுக்க வேண்டும். மேற்பரப்பில் தங்கிவிட்ட காரமே பின்னர் பூச்சின் பிடிமானத்தைக் கெடுக்கும். இந்தக் கட்டத்தில் வீட்டாரை அடிக்கடி கலவரப்படுத்தும் ஒரு காட்சியும் உண்டு: சோடாத் தண்ணீர் பட்டதும் கதவில் அதுவரை கண்ணுக்கே தெரியாதிருந்த இடங்களெல்லாம் செந்நிறத் திட்டுகளாக மாறும். அது மரத்துக்கு நேர்ந்த கேடு அன்று. மஞ்சள்தூளின் நிறப்பொருளான குர்குமின் காரத்தில் சிவப்பாகிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமம் ஆவதும் இதே வினைதான். அந்தத் திட்டுகளில் பெரும்பகுதி கழுவலிலேயே போய்விடும். எஞ்சுவது வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும். கைப்பிடியைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருக்கும் பகுதிக்குத் தனிக் கவனம் வேண்டும். அங்கே படிந்திருப்பது சமையல் எண்ணெயோடு கையின் வியர்வையும் தோலின் கொழுப்பும் சேர்ந்த கலவை. தேர்ந்த பெயிண்டர் அந்த இடத்தைத் தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, துணியைப் பார்ப்பார். மஞ்சளாக வந்தால் மறுபடி துடைப்பார். துணி வெள்ளையாகவே வரும் வரை உப்புத்தாளைத் தொடமாட்டார். கழுவுவதற்கு முன் தேய்த்தால், எண்ணெய் வெளியேறுவதற்கு மாறாக மரத்தின் துளைகளுக்குள் இன்னும் ஆழமாகத் திணிக்கப்படும். கழுவாமல் தேய்ப்பவரிடம் வேலையைக் கொடுக்கக் கூடாது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

அடுத்தது, மேலே ஏற்கெனவே இருக்கும் பூச்சு எது என்று கண்டறிவது. கதவின் உட்புறத்தில் மறைவான ஒரு மூலையில் தின்னர் தோய்த்த பஞ்சைச் சில நிமிடங்கள் வைத்துப் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைக்கும். பூச்சு கரைந்து பஞ்சோடு வந்தால் அது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் அல்லது அரக்குப் பாலிஷ். சுருங்கிச் சுருண்டு எழும்பினால் எண்ணெய் கலந்த எனாமல். எதுவும் நேராமல் அப்படியே நின்றால் பாலியூரித்தேன் போன்ற இறுகிய பூச்சு. எனாமலின் மேல் நேரடியாக வீரியமான தின்னர் கலந்த லேக்கரை அடித்தால், புதுப் பூச்சிலுள்ள கரைப்பான் பழைய பூச்சை ஊறவைத்துத் தூக்கிவிடும். முதலைத்தோல் போன்ற சுருக்கங்கள் விழும். அதன்பின் எல்லாவற்றையும் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. இந்தச் சிறு சோதனையைச் செய்யாமல் தொடங்கியதால் பாழான வேலைகள் பல.

தேய்ப்பு வேலையின் நோக்கம் பழைய பூச்சை முற்றிலும் அகற்றுவது அன்று. உறுதியாக ஒட்டியிருக்கும் பகுதியின் பளபளப்பைக் கொன்று, கண்ணுக்குப் புலப்படாத நுண்கீறல்களை ஏற்படுத்தி, அடுத்த படலம் பற்றிக்கொள்ள இடம் செய்வது. மரத்துக்கும் பழைய பெயிண்டுக்கும் 120 அல்லது 150ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 220க்குச் செல்வதும், பிரைமருக்கு மேல் 320ஐப் பயன்படுத்துவதும் பொதுவான வழக்கம் (எண் ஏற ஏற மணல் நுண்மையாகும்). சன்மைக்கா என்று வழங்கும் லேமினேட் தகட்டுக்கு மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. பீனால் பிசினில் ஊறிய பழுப்புத் தாள்களின் மேல் வண்ணத் தாளும் மெலமைன் பிசினும் சேர்த்து அழுத்திய இத்தகடு வழக்கமாக ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனமே உள்ளது. மெலமைன் மிகக் கடினமானது, எதையும் உறிஞ்சாதது. எனவே அதன் பளபளப்பு முற்றிலும் மங்கும் வரை தேய்த்து, வழவழப்பான பரப்புகளுக்கென்றே தயாரிக்கப்படும் ஒட்டுப் பிரைமரை முதலில் ஏற்றாவிட்டால், அதன் மேல் போடும் விலையுயர்ந்த பெயிண்டுகூட நகத்தால் கீறினால் நாடாவாக உரிந்துவரும். ‘சன்மைக்காவில் பெயிண்ட் நிற்காது’ என்று தச்சர்கள் பலர் உறுதியாகச் சொல்வதன் பின்னணி இதுவே. சரியான பிரைமருக்கு மேல் அது நிற்கும். ஆனால் விளிம்பில் தகடு பலகையை விட்டுப் பிரிந்திருந்தால் முதலில் பசையிட்டு அழுத்திக் கட்டிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

தேக்கின் இயல்பு வேறு. மரத்துக்கு நீடித்த ஆயுளைத் தரும் அதன் இயற்கை எண்ணெய்களும் குயினோன் வகைச் சேர்மங்களும் எண்ணெய்வகைப் பூச்சுகள் காய்வதைத் தாமதப்படுத்துகின்றன. அதனால் புதிதாகத் தேய்த்த தேக்குப் பரப்பைத் தின்னரால் துடைத்துவிட்டு, எண்ணெய் மீண்டும் மேலே கசிவதற்கு முன்பே பிரைமர் அடித்துவிடுவது நல்லது. மரத்தின் சாயம் வெள்ளைப் பூச்சின் வழியே பழுப்புக் கறையாக எழுவதும் அடிக்கடி நேர்வது. அதற்கு இன்றளவும் சிறந்த தடுப்பு, அரக்குப் பூச்சியின் சுரப்பிலிருந்து கிடைக்கும் அரக்கைச் சாராயத்தில் கரைத்துச் செய்த பிரைமர்தான். எத்தனையோ செயற்கைப் பிசின்கள் வந்த பின்னும், கறையையும் பழைய புகைவாடையையும் அடக்குவதில் இந்த எளிய பொருளுக்குரிய இடம் அப்படியே இருக்கிறது.

பூச்சைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று, நான்கு வழிகள் உண்டு. சாதாரண எனாமல் மலிவானது, தூரிகையால் அடிக்க எளியது. ஆனால் ஆல்கைடு பிசினாலான வெள்ளை எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும். அலமாரியின் உட்புறம் வெளிப்புறத்தைவிட விரைவில் மஞ்சளாவது இதனால்தான். அடுத்தது டூக்கோ என்று பட்டறைகளில் வழங்கும் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1923இல் மோட்டார் கார்களுக்காகக் கொண்டுவந்த இந்தப் பூச்சு, அதுவரை வார்னிஷ் காய்வதற்காக வாரக்கணக்கில் காத்திருந்த கார் தொழிற்சாலைகளின் வேகத்தையே மாற்றியது. கரைப்பான் ஆவியானதும் காய்ந்துவிடுவதே இதன் வலிமை. மீண்டும் அதே கரைப்பான் பட்டால் கரைந்துவிடுவதே இதன் பலவீனம். கூடவே கடலோர நகரங்களில் இதற்கு ஒரு தனிப் பகை உண்டு: ஈரக்காற்று. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரப்பதம் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனிபோல் படிந்து படலத்துக்குள் சிக்கிக்கொள்ள, அடர்நிறக் கதவின் மேல் பால் தெளித்தாற்போல் வெண்மை பூக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையிலும் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் டூக்கோ வேலையைத் தள்ளிப்போடுவதே அறிவுடைமை.

இன்று தொழில்முறை மறுபூச்சில் முதலிடம் பெறுவது இருகூறு பாலியூரித்தேன், வழக்குச் சொல்லில் ‘பி.யு.’. ஜெர்மனியில் ஆட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் 1937இல் கண்டறிந்த வேதியியலின் வழிவந்தது இது. அடிப்படைப் பிசினையும் ஐசோசயனேட் கலந்த கெட்டியாக்கியையும் பயன்படுத்துவதற்குச் சற்று முன்னரே, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விகிதத்தில், அளந்து கலக்க வேண்டும். கண்மதிப்பில் கலந்தால் ஒன்று முற்றாக இறுகாது, அல்லது நொறுங்கும். கலந்தபின் சில மணி நேரமே அது பயன்படும். காய்வது கரைப்பான் போவதால் மட்டும் அன்று, மூலக்கூறுகள் வலைபோலப் பின்னிக்கொள்வதால்; எனவே முழுதும் இறுகிய பி.யு. பூச்சைத் தின்னர் கரைப்பதில்லை, சாம்பார் கறைப்படுத்துவதில்லை, ஈரத்துணியால் நாள்தோறும் துடைத்தாலும் தேய்வதில்லை. நீர் சார்ந்த பூச்சுகளும் தரமேறி வருகின்றன. வாடை குறைவு, மஞ்சளாவது குறைவு. ஆனால் அவற்றில் பல முழு உறுதி பெற மூன்று, நான்கு வாரங்கள் வரை பிடிக்கும்.

இங்கே ‘காய்வது’, ‘இறுகுவது’ ஆகிய இரண்டையும் பிரித்தறிவது மிக முக்கியம். தொட்டால் ஒட்டாத நிலையை ஒரு பூச்சு சில மணி நேரத்தில் அடைந்துவிடும். ஆனால் இருகூறு பி.யு. முழுமையாக இறுக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அந்த இடைக்காலத்தில் கதவை அடித்துச் சாத்தினாலோ, சோப்புத் தண்ணீரால் கழுவினாலோ, ரப்பர்த் தாங்கியோடு அழுந்தவிட்டாலோ விழும் வடு நிலைத்துவிடும். இரண்டே நாளில் எல்லாம் முடித்துச் சாவியைக் கொடுத்துவிடுவதாகச் சொல்பவர், இந்தக் காலத்தை வீட்டார் தலையில் கட்டிவிடுகிறார் என்றே பொருள்.

செய்முறையில் தொழில்முறை வேலையை அடையாளம் காட்டுவது கதவுகளைக் கழற்றுவது. கதவும் இழுப்பறை முகப்பும் கழற்றப்பட்டு, ஒவ்வொன்றின் கீல் குழிக்குள்ளும் எண் எழுதி நாடாவால் மூடப்படும். (இன்றைய மறைகீல்களுக்கான குழி 35 மில்லிமீட்டர் விட்டமுடையது, பூச்சு ஏறாத இடமாதலால் எண் எழுத அதைவிட நல்ல இடம் இல்லை.) அதே எண் சட்டத்திலும், திருகாணிகளைப் போட்டுவைக்கும் பையிலும் இருக்கும். ஒரே அளவாகத் தோன்றும் இரு கதவுகள் ஆண்டுகள் செல்லச்செல்லத் தத்தம் இடத்துக்கேற்பத் தேய்ந்து பழகியிருக்கும். மாற்றி மாட்டினால் இடுக்கு கோணலாகும். கழற்றாமல், கீலின் மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டுப் போகும் வேலை எத்தனை மலிவானாலும் வேண்டாம்.

கதவுகள் பட்டறையில் படுக்கைவாட்டில் வைக்கப்பட்டுத் தெளிப்பானால் பூசப்படுகின்றன. படுத்திருக்கும் பரப்பில் பூச்சு வழியாது, தானே சமமாகும். குறைந்த அழுத்தத்தில் மிகுந்த காற்றைச் செலுத்தும் தெளிப்பான்களில் முனையின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டுக்கு மிகாது. அதனால் பெயிண்ட் மூடுபனியாகப் பறந்து வீணாவது குறைகிறது. கம்ப்ரசரில் ஈரத்தைப் பிரிக்கும் வடிகட்டி இல்லாவிட்டால் நீர்த்துளிகள் பூச்சுக்குள் வந்து விழும். கதவில் எங்கேனும் சிலிக்கோன் பட்டிருந்தால், அந்த இடத்தில் பூச்சு விலகி மீன்கண் போன்ற சிறு பள்ளங்கள் உண்டாகும். தொட்டியின் ஓரத்தில் பூசும் சிலிக்கோன் பசையும் பளபளப்புக்காகத் தெளிக்கும் மரச்சாமான் பாலிஷும் இதற்கு வழக்கமான மூலங்கள். கனமான ஒரு கோட்டைவிட மெல்லிய இரண்டு மூன்று கோட்டுகளே சிறந்தவை. ஒவ்வொன்றுக்கும் இடையே லேசான தேய்ப்பும் தூசித் துடைப்பும் உண்டு. கதவின் பின்புறத்துக்கும் நான்கு விளிம்புகளுக்கும் முன்புறம் போலவே பூச்சு ஏற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மூடினால் மறுபக்கம் ஈரத்தை ஏற்று இறக்கி, கதவு வளைந்துவிடும்.

குளியலறைக்கு வரும்போது விதிகள் பாதி தலைகீழாகின்றன. அங்கே எண்ணெய்ப்பசை குறைவு. படிந்திருப்பது கடினநீரின் உப்பும், சோப்பும் சுண்ணமும் சேர்ந்து உண்டான கரையாத வெள்ளைப் படிவும். காரத்துக்கு இவை அசைவதில்லை. வினிகர் போன்ற மென்மையான அமிலமே கரைக்கும், அதன்பின் நீரால் நன்கு அலச வேண்டும். கைகழுவும் தொட்டிக்குக் கீழுள்ள பெட்டியில் முதலில் கெடுவது கதவின் அடிவிளிம்பு. தரை கழுவும்போது தெறிக்கும் நீரும், மேலிருந்து வழிந்து விளிம்பில் தொங்கி நிற்கும் துளியும் அங்கேதான் ஏறுகின்றன. அந்த விளிம்பு யார் கண்ணிலும் படாதது என்பதாலேயே பெயிண்டர் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். குனிந்து கைவைத்துத் தடவிப் பார்த்தால் வேலையின் தரம் அங்கேயே தெரிந்துவிடும். பி.வி.சி. பலகையாலான குளியலறைப் பெட்டிகளை மறுபூச்சுக்கு உட்படுத்துவது பரிந்துரைக்கத் தக்கதன்று. நெகிழும் அந்தப் பரப்பில் பூச்சு வெடிக்கும், பெட்டியின் விலையும் பூச்சுக் கூலிக்கு நியாயம் சொல்லாது. ஈரக்காற்றை வெளியேற்றும் விசிறி இல்லாத குளியலறையில் எந்த மரவேலையும் நெடுநாள் நிற்காது. அந்த விசிறிக்கு ஆகும் செலவு பூச்சுச் செலவில் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

பழைய வீடுகளில் தேய்ப்பு வேலை தொடங்குமுன் ஈயத்தைப் பற்றி எண்ண வேண்டும். வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில் ஈயச் சேர்மங்கள் இருக்கும் வாய்ப்பு மெய்யானது. உலர்தேய்ப்பில் எழும் தூசியே ஆபத்து. அதிலும் உணவு புழங்கும் அறையில் அது படிவது பேராபத்து. இத்தகைய பூச்சை ஈரமாக வைத்துத் தேய்க்க வேண்டும், தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும், சிறு குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்த நாட்களில் வீட்டில் இல்லாதிருப்பது நலம். ஈயத்தைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

வேலையை ஒப்படைக்கும் முன் ஒரு சோதனையைக் கேட்டுப் பெறுவது நல்லது. ஒரே ஒரு கதவின் பின்புறத்தில் முழு முறையிலும் பூச்சு ஏற்றி, ஒரு வாரம் கழித்து, கூரிய பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடுகளும் அவற்றுக்குக் குறுக்கே ஆறு கோடுகளும் கீறி, அந்தக் கட்டங்களின் மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சடக்கென்று இழுக்க வேண்டும். இருபத்தைந்து கட்டங்களும் அப்படியே இருந்தால் பூச்சு பிடித்திருக்கிறது. கட்டங்கள் நாடாவோடு வந்தால் அடித்தளம் சரியில்லை. தொழிற்சாலை ஆய்வுக்கூடங்களில் ஐ.எஸ்.ஓ. 2409 என்ற தரத்தின்படி செய்யப்படும் சோதனையின் எளிய வடிவம் இது. இதற்கு முகம் சுளிக்காத பெயிண்டர் கிடைத்தால், கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம். வண்ணத்தின் விலை இந்த வேலையில் சிறு பகுதியே. வீட்டார் உண்மையில் பணம் கொடுப்பது கழுவுவதற்கும் தேய்ப்பதற்கும் காத்திருப்பதற்கும்தான்.

மறுபூச்சால் தீராத குறைகளும் உண்டு. மேடை உயரம் பொருந்தாதிருந்தால், ஆழமான கீழ்ப்பெட்டிகளுக்கு முன்னால் மண்டியிட்டுத் தேடுவது முதியோருக்கு வலியாக இருந்தால், இடப்பங்கீடே தவறாக இருந்தால், நிறம் மாற்றுவதால் ஒன்றும் ஆகாது. அங்கே மாற்றியமைப்பதே முறை. அத்தகைய காரணம் எதுவும் இல்லாமல், நிறம் பழசாகிவிட்டது என்பதற்காக மட்டும் உறுதியான மரத்தைக் குப்பைக்கு அனுப்புவது வீண்செலவு. பல்லாண்டு வளர்ந்த ஒரு மரத்துக்கு இழைக்கும் அநீதியும்கூட.

இறுதியாக, பூசுபவரின் நுரையீரலைப் பற்றி. பி.யு. கெட்டியாக்கியிலுள்ள ஐசோசயனேட்டுகள் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியவை. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறு அளவுகூட மூச்சுத்திணறலைத் தூண்டும். முகத்தில் கட்டும் துண்டும், தூசியைத் தடுக்கும் வெள்ளை முகமூடியும் இந்த ஆவிக்குத் தடையல்ல. கரிம ஆவி வடிகட்டிகள் பொருத்திய, முகத்தோடு இறுகப் பொருந்தும் மூச்சுக்கவசமாவது கட்டாயம் தேவை. நாள் முழுவதும் தெளிப்பவர்களுக்கு வெளிக்காற்றைக் குழாய்வழி தரும் கவசமே பாதுகாப்பு. வீட்டுக்குள் சட்டத்துக்குப் பூசும் நாளில் சமையல் எரிவாயு உருளையின் வால்வை மூடி, உருளையையே அறையை விட்டு அகற்றி, விளக்கேற்றாமல், சன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும். தின்னரின் ஆவி எளிதில் தீப்பற்றும். வேலைக்கு ஆள் பேசும்போது வீட்டார் வண்ண அட்டையைப் பார்ப்பதற்கு முன் அந்த மூச்சுக்கவசம் எங்கே என்று கேட்கட்டும். இல்லையென்றால், அதன் விலையையும் மதிப்பீட்டில் ஒரு வரியாக எழுதிச் சேர்க்கச் சொல்லட்டும்.